சிவனொளிபாதமும் தேவேந்திரமுனையும்

நல்லதண்ணியில் இருந்து சிவனொளிபாத மலையில் இரவில் ஏறத் தொடங்கினோம். சீத்தகங்குல ஓடையில் முகம் கழுவி, நாங்கள் "அரோகரா" போட, முன்னால் போன சிங்களக் குடும்பம் "கருணாவாய்" பாடிக்கொண்டு ஏறியது. குளிர் எலும்பைப் பிடித்தது. நடுவில் ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ கிடைத்திராவிட்டால் பெரியப்பா அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

பாதம் கும்பிட்டு, மணி அடித்து, சூரியனும் வந்த பிறகு அவர் கேட்டார்: "கடல் தெரியுதாடா?"

மேற்கே மேகம்தான் தெரிந்தது. ஆனால் கேள்வி சரியானது. தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று பார்க்கிற நமக்கு இது நம்ம மலை. கப்பல்காரர்களுக்கோ இலங்கை வந்துவிட்டது என்று சொல்லும் அடையாளம். 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இபுன் பதூதா, ஒன்பது நாள் கடல் தூரத்திலேயே மலை புகைத்தூண் போலத் தெரிந்தது என்கிறார். 2,243 மீற்றர் மலைக்கு அது கொஞ்சம் ஓவர்தான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் பாதம் தரிசிக்கப் போகும் யோகிகள் நால்வரையும் துணைக்குக் கொடுத்தார். அப்போதே இது வருடாந்த யாத்திரை!

மலையிறங்கிய பிறகு இபுன் பதூதா போன ஊர்களில் ஒன்று தீனவர். வியாபாரிகள் நிறைந்த கடற்கரைப் பட்டணம். பெரிய கோயில், ஆளுயரப் பொன் விக்கிரகம், விளக்குப் போல ஒளிரும் மாணிக்கக் கண்கள். அந்தத் தெய்வத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர் என்கிறார். "பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை" என்று நாம் சொல்கிறோமே, இலங்கையின் தென்கோடியான அந்த முனைதான் அது. சிங்களத்தில் தெவிநுவர, தெய்வத்தின் நகர். போர்த்துக்கீசர் வாயிலும் பிறகு ஆங்கிலேயர் வாயிலும் தொன்றா ஆனது.

சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு மூன்று மொழியில் இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. தமிழில்? அதே தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தெனாவரை நாயினாருக்கு: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடம் அதில் தெரிகிறது. காலியில் ஒரு மதகை மூடியிருந்த அந்தக் கல் 1911இல் அகப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோயிலை 1588இல் போர்த்துக்கீசர் இடித்தார்கள். சைவர்கள் அதைத் தொண்டேச்சரம் என்று இலங்கையின் ஐந்து சிவத்தலங்களான பஞ்ச ஈச்சரங்களில் சேர்ப்பார்கள். இன்று அங்கே விஷ்ணு தேவாலயம், ஆடியில் பெரஹரா ஊர்வலம். முனையில் 1890இன் வெளிச்சவீடு, 49 மீற்றர்.

இதையெல்லாம் படியிறங்கும்போதே பெரியப்பாவிடம் சொன்னேன். முழங்கால் வலியோடு கேட்டுக்கொண்டு வந்தவர், "அங்க படி இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஆடிக்குப் போவம்."