விக்டோரியா பொது மண்டபம்: கோபுரம் சாயாமல் ஒரு படம்

சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தின் கோபுரம், ஒருவழியாக என் படத்தில் பின்னோக்கிச் சாயாமல் நிமிர்ந்து நிற்கிறது. அதுவும் கணினியில் இழுத்து நிமிர்த்தாமலே. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டி, 1880-களின் இறுதியில் எழுந்த இந்தச் செங்கல் கட்டடத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை நடத்தியது.

கேமராவை அண்ணாந்து பிடிக்கும்போது மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கிக் குவியும் செங்குத்துக் கோடுகளை மென்பொருளில் சரிசெய்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். படத்தின் மேற்பகுதியை விரிப்பதால், நுணுக்கம் மிகுதியாக வேண்டிய திருவிதாங்கூர்ப் பாணிக் கூரையில்தான் கூர்மை முதலில் கெடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எனவே ஏபிஎஸ்-சி (முழுச்சட்டகத்தைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவை நெடுக்காகத் திருப்பி, 16 மி.மீ. அகலக் கோண லென்சுடன் துளியும் மேல்நோக்கிச் சாய்க்காமல் மட்டமாக வைத்து, படத்தின் கீழ்ப்பகுதியில் விழும் சாலையை வெட்டிவிட்டேன். 24 மெகாபிக்சலில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்; சுவரில் மாட்டும் அளவுக்கு அது தாராளம்.

உண்மையான தொல்லை, முக்காலியின் மேல் கேமராவை எந்தப் பக்கமும் திருப்ப உதவும் உருண்டைத் தலையான பால் ஹெட்தான். மட்டம் பார்த்துத் திருகை இறுக்கும் கணத்திலேயே அது மயிரிழை இறங்கிவிடுகிறது. கேமராவின் மின்னணு மட்டமோ அந்த இறக்கத்தைக் கண்டுகொள்ளாமல் பச்சை காட்டுகிறது. திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, பெரிதாக்கி, இடது ஓரத் தூணையும் வலது ஓரத் தூணையும் மாறி மாறி ஒப்பிடுவதே நம்பத் தகுந்த வழி. பல்சக்கரத் திருகுகளால் சிறிது சிறிதாக நகர்த்தும் கியர் ஹெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. பழையது ஒன்று வந்தால் சொல்லும்படி கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

முகப்பு தெற்கு நோக்கியது என்பதால் டிசம்பர் காலை வெயில் வலப்புறமிருந்து சாய்வாக விழுந்து செங்கல் வேலைப்பாட்டைப் புடைத்துக் காட்டுகிறது. மே மாத உச்சிவேளையில் சூரியன் வடக்கே போய்விடுவதால் அதே சுவர் நிழலில் கிடக்கும். ஒளி அளவைக் கேமரா காட்டும் பொது வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) மட்டும் பார்ப்பவர்கள் சிவப்பு நிறத்துக்கான வரைபடத்தைத் தனியாகப் பார்க்கவும்: பச்சையும் நீலமும் அடக்கமாக இருக்கும்போதே சிவப்பு உச்ச அளவைத் தாண்டி வெடித்து, செங்கல்லின் சொரசொரப்பை விழுங்கிவிடுகிறது.

பேருந்துகளை மறைப்பது இன்னும் பாக்கி. ஒளியைப் பத்து முறை பாதியாக்கும் பத்து நிறுத்த (ஸ்டாப்) என்டி வடிகட்டி, அதாவது லென்சின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டால், 1/125 நொடி ஒளிபதிவு நேரம் 8 நொடியாகும். ஓடும் வண்டிகள் கரைந்தாலும் சிக்னலில் நிற்பவை அப்படியே பதிகின்றன. அதை முடிக்கும் முன்பே மனம் எழும்பூர் மியூசியம் தியேட்டருக்குத் தாவிவிட்டது. அதன் முகப்பு அரைவட்டமாக வளைந்திருப்பதால், சுவருக்கு இணையாகக் கேமராவை நிறுத்தும் இந்த வித்தை அங்கே பாதிதான் உதவும்.