நாக்கைச் சுளுக்கிய தேங்காய்

ஆறு மாதமாகத் தலையில் அரிப்பு. கடைசியில் தோல் மருத்துவர் முதுகில் குட்டிக் குட்டிச் சதுரங்களாக என்னென்னவோ ஒட்டி, இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அது தனிக் கதை.

முடிவு வந்த அன்று டாக்டர் ஒரு பெயரை ஒரே மூச்சில் சொன்னார். ரயில் கடந்து போன மாதிரி இருந்தது. "புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது என்று தலையாட்டிவிட்டேன். சீட்டில் எழுதியும் கொடுத்தார். டாக்டர் கையெழுத்து என்பதால் அதிலும் விமோசனம் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார். "என்னவாம்டா?"

"ஷாம்புல இருக்கிற ஒரு பொருள் ஒத்துக்கலையாம்மா. கோக... கோகமி... ஏதோ டெயின்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "கொகெயினா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் தலை மெல்ல எழுந்தது.

இணையத்தில் தேடி, எழுத்துக் கூட்டி, ஒரு வழியாகப் பெயரைப் பிடித்தேன்: கோகமிடோப்ரோபைல் பீட்டயின். பெட்டி பெட்டியாகக் கழற்றினால் அவ்வளவு பயமில்லை. முதலில் வரும் 'கோக்' என்பது தேங்காய். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு வேறொரு ரசாயனத்தைச் சேர்த்துச் செய்கிறார்கள். ஷாம்பு நன்றாக நுரைக்கவும், அழுக்கெடுக்கும் சல்பேட்டின் காட்டத்தைக் குறைக்கவும் இதைப் போடுகிறார்கள். கடைசிப் பெட்டியை நான் 'டெயின்' என்று முடித்ததில்தான் கொகெயின் வாடை அடித்திருக்கிறது. அதை 'பீட்-ட-ஈன்' என்று மூன்று அசையாகச் சொல்ல வேண்டுமாம். பீட்டயினை முதலில் சர்க்கரை பீட்டிலிருந்து, அதாவது பீட்ரூட்டின் உறவுக்காரச் செடியிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். கொகெயின் வருவது தென்னமெரிக்காவின் கோகா இலையிலிருந்து. அதற்கும் தென்னைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"அப்போ சாக்லேட்ல இருக்கிற கோகோ?" என்றார் அப்பா.

அது மூன்றாவது ஆள். கக்காவ் மரத்து விதை. இந்தக் குழப்பம் நம் வீட்டோடு போகவில்லை. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியிலேயே தேங்காய்க் கோகோவும் சாக்லேட் கோகோவும் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. தேங்காய்க்கு 'கோகோ' என்று பெயர் வந்ததோ போர்த்துகீசிய மாலுமிகளால். ஓட்டின் மூன்று கண்களைப் பார்த்ததும் அவர்கள் ஊர்ப் பூச்சாண்டியின் முகம் நினைவுக்கு வந்ததாம்.

"அப்போ உனக்குப் பூச்சாண்டி ஒத்துக்கல" என்றார் அம்மா, நிம்மதியாக.

அடுத்த சந்தேகமும் அம்மாவுடையதுதான். இனி தேங்காயே ஆகாதா? பெரும்பாலும் தேங்காய் மேல் குற்றமில்லை. தயாரிப்பில் மிச்சம் தங்கும் வேறு ரசாயனங்களைத்தான் சந்தேகிக்கிறார்கள். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2004இல் இதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்ததையும் படித்துக் காட்டினேன்.

"விருது வாங்கின சரக்கா!" என்றார் அப்பா.

அப்புறம் குளியலறையில் இருந்த பாட்டில்கள் எல்லாம் கூடத்துக்கு வந்தன. அப்பா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். ஒரு க்ரீமில் 'கேப்ரிலிக்' என்று இருந்தது. அதுவும் தேங்காயிலிருந்து எடுப்பதுதான் என்று சொன்னதும் அவருக்குள் இருந்த தமிழறிஞர் விழித்துக்கொண்டார்.

"பார்த்தியா! நம்ம கொப்பரைதான் கேப்ரி ஆயிருக்கு!"

கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! 'கோப்ரா' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே, உலர்ந்த தேங்காய்க்கு, அந்தச் சொல் உண்மையிலேயே மலையாளக் கொப்பரையிலிருந்து போர்த்துகீசியம் வழியாகப் போனதுதான். ஆனால் கேப்ரிலிக் வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'காப்ரா' என்றால் ஆடு. கேப்ரிலிக் அமிலத்துக்கு ஆட்டு வாடை.

"தேங்காய்க்குள்ள ஆடு எப்படிடா வரும்?" என்று அப்பா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

கடைசியாக ஒரு சோப்பு டப்பா. பூச்சாண்டி அதில் இல்லை. அதற்குப் பதிலாக 'சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்' இருந்தது. இதுவும் தேங்காய் வம்சம், ஆனால் வேறு கிளை. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "கோ... கோயில்... இதுல கோயில் இருக்கே! இதையே போட்டுக்கோ." வேதியியல் தெரியாமல் சொன்னாலும், என் தலைக்கு அது ஒத்துக்கொண்டுவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அன்று சாயங்காலமே பாட்டில்கள் மேல் ஸ்டிக்கர் ஏறிவிட்டது. ஆடு, கோயில், பூச்சாண்டி. அம்மாவின் கையெழுத்து, எல்லோரும் படிக்கிற மாதிரி.

ஒரு மாதம் கழித்து டாக்டர் தலையைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கே, இப்ப என்ன போடறீங்க?" என்றார்.

"பூச்சாண்டியை விட்டுட்டேன் டாக்டர். இப்ப கோயில்தான்."

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குனிந்து சீட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்று வரை எங்களால் படிக்க முடியவில்லை.