வேன்கார்டில் ஒரு வெள்ளிக்கிழமை

2022 பிப்ரவரி, புதன் இரவு

டிக்கெட் கிடைத்துவிட்டது! கிறிஸ் பாட்டரின் நால்வர் குழு, நியூயார்க்கின் ஜாஸ் கிளப்பான வில்லேஜ் வேன்கார்ட், வெள்ளி இரவு பத்து மணிக் கச்சேரி. பேஸ் கலைஞர் டேவ் ஹாலண்ட் குழுவின் இசைத்தட்டுகளில் அவருடைய டெனர் சாக்ஸபோனைக் கேட்ட நாளிலிருந்து காத்திருந்தேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய கிளப், திறக்க ஒன்றரை வருஷம் ஆனது. திறக்காமலே போய்விடுமோ என்று பயந்த நாட்கள் உண்டு.

வியாழன்

வேலையில் மனம் ஒட்டவில்லை. நாளை டிரம்ஸ் வாசிக்கப்போகும் மார்கஸ் கில்மோர், டிரம்மர் ராய் ஹெய்ன்ஸின் மகள் வயிற்றுப் பேரன். ஹெய்ன்ஸ் 1949 முதல் 1952 வரை ஜாஸ் மேதை, சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கருக்கு வாசித்தவர். பாட்டரோ பதினெட்டு வயதில் நியூயார்க் வந்ததும், பார்க்கரின் டிரம்பெட்காரராக இருந்த ரெட் ராட்னியுடன் சேர்ந்து வாசித்தவர். பார்க்கர் என்ற ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய இரண்டு வழிகள். நாளை ஒரே மேடையில்.

வெள்ளி, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஜெர்சி சிட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் பாத் (PATH) ரயில். வாசலில் தடுப்பூசி அட்டையைக் காட்டிவிட்டு அந்தக் குறுகலான பதினைந்து படிகள் இறங்கினேன். 1935 முதல் இயங்கும் நிலவறை. உள்ளே போகப்போக மேடையை நோக்கி ஒடுங்கும் அறை, நூற்றுச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். எனக்கு இரண்டாவது வரிசை மேசை. பாட்டர் மூச்சை இழுப்பது கேட்டது. சாக்ஸபோனின் விசைகள் மூடித் திறக்கும் சன்னமான 'டக் டக்' கூடக் கேட்டது. ஹெட்ஃபோனில் இத்தனை வருஷம் இது எனக்குக் கிடைத்ததே இல்லை.

நான் நினைத்தது நடந்தது: பார்க்கர் 1947-ல் பதிவுசெய்த 'கிளாக்டோவீட்செட்ஸ்டீன்' எடுத்தார்கள். பாட்டர் ஒரு சொற்றொடரை முடிக்காமல் விட, கில்மோர் அதைச் சிம்பலில் வாங்கி முடித்தார். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போடுவதுபோல் தொடையில் போட்டுக்கொண்டே இருந்தேன். பேஸ் வாசித்த ஸ்காட் காலி கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு 'பிளட் கவுண்ட்'. இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் 1967-ல் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்தபடி, ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனுக்காக எழுதி முடித்த கடைசிப் பாட்டு. ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையின் பெயரையே அதற்கு வைத்தார். கிரெய்க் டேபோர்ன் பியானோவில் விரலை வைக்கத் தயங்குகிறவர்போல் ஒவ்வொரு ஸ்வரமாக வைத்தார். அதன்மேல் பாட்டர் மெலடியை மெல்ல, மிக மெல்ல இறக்கினார். கடைசி ஸ்வரம் அடங்கிக் காற்று மட்டும் மிஞ்சியது. ஒரு கோப்பைகூட நகரவில்லை.

2023 மார்ச், ஞாயிறு

அந்த பிப்ரவரியில் பதிவுசெய்த ஆல்பம் வந்துவிட்டது. ஆறு உருப்படிகள், அதில் 'பிளட் கவுண்ட்'டும் இருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஃபோனில் போட்டுக் காட்டினேன். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது அவருடையது. முடியும்வரை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முதல்லேருந்து போடு" என்றார்.