இறுக்காத ஜாயின்ட்

கதவு, ஜன்னல், கட்டில் என்று பன்னிரண்டு வருடம் மரத்தோடு கிடந்தவன் நான். மரவேலையில் ஜாயின்ட் என்றால் இறுக்கம். சுத்தியல் அடி வாங்கித்தான் சட்டத்தின் முனை துளைக்குள் இறங்க வேண்டும். சும்மா இறங்கினால் ஆசாரி நம் முகத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. அந்தக் கையோடுதான் சென்னையில் ஒரு மாடுலர் கிச்சன் பட்டறையில், கொரியன் (Corian) என்கிற ஷீட்டில் சமையல் மேடை செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன்.

சாலிட் சர்ஃபேஸ் என்பது இந்த மாதிரி ஷீட்டுக்குக் கோட்டேஷனில் எழுதுகிற பெயர். பட்டறையில் எந்தக் கம்பெனி ஷீட் வந்து இறங்கினாலும் அது கொரியன்தான். உண்மையில் அது டூபாண்ட் கம்பெனி 1967-இல் உருவாக்கிய சரக்கின் பெயர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின். மீதி, பாக்சைட்டிலிருந்து எடுக்கிற வெள்ளைத் தூள். சமையல் மேடைக்கு 12 மில்லிமீட்டர் கனம், சுவருக்கு 6. ஷீட்டை எந்த இடத்தில் வெட்டினாலும் உள்ளேயும் அதே நிறம். கீறல் விழுந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். ஒட்டுகிற பசையும் அக்ரிலிக்தான், நிறமும் ஷீட்டுக்குப் பொருத்தமாகவே வரும். அதனால் இரண்டு துண்டை ஒட்டினால் ஒரே துண்டு போல ஆகிவிடும். ஒழுங்காக ஒட்டினால்.

நான் ஒட்டிய முதல் மேடை எல் வடிவம். விளிம்புகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன், பசையை விட்டேன், கிளாம்ப் மாட்டி என் பலம் முழுக்கத் திருகினேன். பசை மேலே பிதுங்கி வழிந்ததைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. வழிந்ததைச் சுத்தமாகத் துணியால் துடைத்தும் விட்டேன். மறுநாள் தேய்த்தபோது கோடே தெரியவில்லை. சைட்டில் இரண்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, படி திரும்புகிற இடத்தில், பட்டென்று ஒரு சத்தம். மேடை ஜாயின்ட்டிலேயே இரண்டாகிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஷார்ஜாவில் பல வருடம் ஹோட்டல் வேலை பார்த்துத் திரும்பிய நாகர்கோவில்காரர். திட்டவில்லை. உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல பசை எங்க இருக்கு?"

"நிறைய விட்டேன் அண்ணே."

"விட்ட. அப்புறம் நீயே புழிஞ்சு வெளிய தள்ளிட்ட."

அன்றைக்குத்தான் புரிந்தது. மரத்துக்குப் பழகிய திருகு இதற்கு ஆகாது. இரண்டு விளிம்புக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பசை நிற்க வேண்டும். பசை விட்டபின் துண்டுகளை நெருக்கி, கிளாம்பை மிதமாகப் பிடித்தால் போதும். பிதுங்கிய பசையைத் துடைக்கவும் கூடாது. காயும்போது பசை சற்றுச் சுருங்கும். துடைத்துவிட்டால் ஜாயின்ட் பள்ளமாகிவிடும். புடைப்பாகவே விட்டு, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவு இறுகிய பிறகு தேய்க்க வேண்டும். சாதாரணமாக முக்கால் மணி நேரம் ஆகும். சித்திரை வெயிலில் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே பசை அவ்வளவு நேரம் தராது, சீக்கிரமே இறுகிவிடும். அந்த மாதங்களில் ஜாயின்ட்டை விடிகாலையிலேயே முடித்துவிடுவோம்.

விளிம்பு வெட்டுவதில் அவர் காட்டிய ஒரு வித்தை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு ஷீட்டையும் சிறு இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்து, நடுவில் ஒரே ஓட்டமாக ரவுட்டரை, அதாவது சுழலும் பிளேடால் விளிம்பு சீவுகிற மெஷினை, ஓட்டுவார். ரவுட்டர் எங்காவது அரை மயிரிழை வளைந்தாலும் இந்தப் பக்கம் எடுத்த வளைவு அந்தப் பக்கம் மேடாக நிற்கும். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்திக்கொள்ளும். நேராக வெட்டத் தெரியாதவனுக்கும் மானம் காக்கிற வெட்டு.

கிளாம்ப் பிடிக்கச் சரியான இடம் இல்லாதபோது ஹாட் குளூவால் சிறு மரக்கட்டைகளை ஜாயின்ட்டின் இரு பக்கமும் ஒட்டி, அவற்றைச் சேர்த்துப் பிடிப்போம். முடிந்ததும் அடியில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டால் கட்டை கையோடு வந்துவிடும். ஜாயின்ட்டுக்குக் கீழே அதே ஷீட்டில் ஒரு பட்டையையும் ஒட்ட வேண்டும். நான் உடைத்த மேடையில் அதுவும் இல்லை.

குளியலறைச் சுவர் இன்னொரு தலைவலி. நம் ஊர் போர் தண்ணீர் உப்புக்கு டைல்ஸ் இடுக்கு நான்கு மாதத்தில் கறை பிடித்துவிடுகிறது. அதனால்தான் சிலர் ஷவருக்கு 6 மில்லிமீட்டர் ஷீட் கேட்கிறார்கள். உப்பு இதிலும் படியும், ஆனால் துடைக்க இடுக்கு இல்லை. பிரச்சினை சுவரில். தூக்குக்குண்டு பிடித்தால் மேலுக்கும் கீழுக்கும் விரற்கடை வித்தியாசம் காட்டாத சுவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மூலைமட்டம் வைத்தால் மூலையும் மூலையாக இருக்காது. முதலில் அட்டையில் அளவு வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஷீட்டில் கை வைப்பேன். மூலையில் இரண்டு ஷீட்டையும் முட்ட விடுவதில்லை, இடைவெளி விட்டு சிலிக்கான்தான். இந்தச் சரக்கு சூட்டில் நீளும்: 3 மீட்டர் துண்டு 20 டிகிரி ஏற்றத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். மேடையிலும் சுவர் ஓரம் 3 மில்லிமீட்டர் விட்டே வைக்கிறோம். "ஏன் கேப் விடுறீங்க, வேலை சரியில்லையே" என்று கேட்காத வீட்டுக்காரர் குறைவு.

அடுப்புக்கு வெட்டுகிற ஓட்டையிலும் இப்படித்தான். கூர்மையான மூலை வைத்தால் சூட்டில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். மூலையை வளைத்து, விளிம்பை வழவழப்பாக்கி, அலுமினிய டேப் ஒட்ட வேண்டும். இதையும் ஒரு மேடையை இழந்துதான் கற்றேன். அந்தக் கதை வேண்டாம்.

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. சூடான தோசைக்கல்லை அப்படியே மேடையில் இறக்கி வைத்துவிட்டார்கள். கிரானைட்டில் பழகிய கை. வெள்ளை மேடையில் பழுப்பு வட்டம், தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. கருகிய இடத்தை வெட்டி எடுத்து, அதே நிறத்தில் ஒரு வில்லை பதிக்க வேண்டும். வேறு லாட் ஷீட் என்றால் நிறம் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் மிச்சத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவோம்.

"அந்தத் துண்டு இருக்காம்மா?"

பாட்டியம்மா உள்ளே போய் எடுத்து வந்தார். காய் நறுக்கும் பலகையாகிவிட்டிருந்தது. முழுக்கக் கத்திக் கோடு, நடுவில் மஞ்சள் கறை. தேய்த்தேன், அடியில் அதே வெள்ளை. வட்டமாக ஒரு வில்லை வெட்டி எடுத்துப் பதித்தேன்.

தேய்க்கிற சாண்டர் மெஷினை அணைத்ததும் பாட்டியம்மா மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டையான பலகையைத் தூக்கிக் காட்டினார். "இதுல எப்படிப்பா இனிமே வெண்டைக்காய் நறுக்குறது?"