ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி: பட்ட பாடு

ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆன்லைனில் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே வீட்டு ஈபி கார்டை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டு இணைப்பு இன்னமும் காலமான அப்பாவின் பெயரில்தான் ஓடுகிறது. வீட்டு வரி ரசீது அம்மா பெயருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் கரண்ட் பில்லை யார் பெயருக்குக் கட்டினால் என்ன என்று இருந்துவிடுவதுதானே நம் வழக்கம்.

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, வெளிமாநிலத்துக்கு வேலை செய்தாலும் சரி. சட்டம் அப்படிச் சொல்லும்; வேலை தரும் பெங்களூர் ஏஜென்சியின் வெண்டார் படிவமோ ஜிஎஸ்டி எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. விண்ணப்பித்தேன். முகவரிச் சான்றாகக் கொடுத்த ஈபி பில்லில் ஒரு பெயர், வீட்டைப் பயன்படுத்த ஒப்புதல் கடிதம் கொடுத்தவர் இன்னொருவர், விளக்கம் தருக என்று நோட்டீஸ் வந்தது. பதில் போட ஏழு வேலைநாள்தான் அவகாசம், விட்டால் நிராகரிப்பு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி ஈபியில் பெயர் மாற்றிவிட்டு வாருங்கள் என்றார் ஒரு கன்சல்டன்ட், அதற்குத் தனி ஃபீஸாம்! தேவையே இல்லை. அம்மா பெயரில் உள்ள சமீபத்திய வீட்டு வரி ரசீதே உரிமைக்கு ஆதாரம். அதையும் ஒப்புதல் கடிதத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றினேன், எண் வந்துவிட்டது.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு ஆதாரும் பானும் இருந்தால் இலவசம், உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். பணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் மேலே வரும், ஏமாறாதீர்கள்.

வங்கிதான் உயிரை எடுத்தது. ஜிஎஸ்டி எண் கிடைத்த 30 நாளுக்குள் வங்கிக் கணக்கு விவரத்தைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பதிவை நிறுத்திவைப்பார்கள். கரன்ட் அக்கவுன்ட் கவுன்டரில் இருந்தவருக்கோ அவசரமே இல்லை. "கடை லைசென்ஸ் கொண்டு வாங்க மேடம்." கடையே இல்லை சார், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிறேன். "அப்ப ட்ரேட் லைசென்ஸ்." ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காகிதம். கடைசியில், தனிநபர் நிறுவனத்துக்கு அதன் பெயரில் இரண்டு ஆவணம் போதும் என்று சொல்லும் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதியைப் பிரிண்ட் எடுத்து, உத்யம் சான்றிதழையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் அதோடு பின் செய்து நேராக மேலாளர் மேஜையில் வைத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, சரி, வாசலில் போர்டு மாட்டிப் போட்டோ மட்டும் கொடுங்கள் என்றார். ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் உள்ளவர்கள் பட்டாவுக்கு மனு எழுதித் தருவீர்களா என்று கேட்க வந்துவிட்டார்கள், அது வேறு கதை.

மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பஞ்சமில்லை. அறிவிப்பு போட்டால் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். ஒரே பயோடேட்டா வேறு வேறு பெயர்களில் வரும். இந்தத் தொழிலில் பயோடேட்டா திருட்டு சர்வ சாதாரணம். அதனால் வீடியோ அழைப்பில் என் கண் முன்னால் பத்து வரி செய்யச் சொல்கிறேன், அதற்குக் காசும் கொடுத்துவிடுகிறேன். இது எப்படி வந்தது என்றால், டெஸ்ட்டைப் பிரமாதமாகச் செய்த ஒருவர் மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தை முழுக்க இலவச இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அனுப்பிவிட்டார். இப்படிப்பட்ட படிவத்தைத் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவார்கள், அங்கே பல்லிளித்துவிட்டது. ரகசிய ஆவணத்தை அந்தத் தளங்களில் ஒட்டுவதே ஒப்பந்த மீறல், அதற்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். இப்போது ஒருவர் மொழிபெயர்த்தால் இன்னொருவர் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போவதில்லை. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை கேட்பதும் அதைத்தான். விலை சொல்லும்போதே அந்த இரண்டாவது ஆளின் கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்புறம் கேட்டால் தரமாட்டார்கள்.

யூனிகோட் மட்டும்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பழக்கம் விடாமல் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து அனுப்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. இன்னொன்று, வாடிக்கையாளரின் டிசைனர் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழை ஒட்டும்போது வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் சிதறும். பழி மொழிபெயர்ப்பின் மேல் விழும். அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப் எனக்கு வரவேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுகிறேன்.

இனி காசு. உள்நாட்டு இன்வாய்ஸில் 18 சதவீத ஜிஎஸ்டி. வாடிக்கையாளர் அறுபது நாள் கழித்துத் தருவார், வரியை அரசுக்கு முதலில் கட்டுவது நாம். மொழிபெயர்ப்பாளர்களையும் காத்திருக்க வைக்க முடியாது, வைத்தால் நல்லவர்கள் போய்விடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் க்யூஆர்எம்பி திட்டம் இருக்கிறது, ஆனால் வரியை மாதாமாதம் கட்டத்தான் வேண்டும், எனவே கையில் கொஞ்சம் இருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தை ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டுவிட்டால் வரியில்லாமல் பில் போடலாம். அது மார்ச் 31 வரைதான் செல்லும், ஏப்ரலில் மறக்காமல் புதிதாகப் போடுங்கள்.

ஒரு ஏஜென்சி என் பில்லை அறுபது நாள் தாண்டியும் இழுத்தடித்தது. போன் போட்டால் அக்கவுன்ட்ஸில் இருக்கிறது, அப்ரூவலில் இருக்கிறது, சார் லீவில் இருக்கிறார். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், வேலை வாங்கியவர் அதைத் தரும்வரை செலவுக் கணக்கில் காட்டி வரியைக் குறைக்க முடியாது. உத்யம் எண்ணைப் போட்டு, சிறு தொழில்களின் பாக்கிக்கான எம்எஸ்எம்இ சமாதான் போர்ட்டலில் புகார் செய்யப்போகிறேன் என்ற ஒரு வரியோடு, மார்ச் மாதத்தில் அவர்களின் அக்கவுன்ட்ஸுக்கே மெயில் போட்டேன். வருட முடிவுக்கு முன்னால் மொத்தப் பணமும் வந்தது, தாமதத்துக்கு வருத்தம் என்று ஒரு மெயிலோடு. அடுத்த வேலைக்கு விலை கேட்டார்கள், பாதி முன்பணம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.