தோளும் தாடையும்: தசைத் தளர்வுப் பயிற்சி, இதுவரை

மூச்சைக் கவனிக்கச் சொன்னால் எனக்கு மூச்சு முட்டும். பலருக்கும் கைகொடுக்கிற மூச்சுப் பயிற்சி எனக்கு ஒத்துவராததற்கு அதுதான் காரணம். அப்படித்தான் தசைத் தளர்வுப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தேன். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய முறை இது. 1929-லேயே இதைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். மனம் பதறினால் தசை இறுகும், தசையைத் தளர்த்தினால் பதற்றமும் இறங்கும் என்பது அவர் கணக்கு.

அவர் வழியில் போனால் மாதக்கணக்கில் ஆகும். பின்னால் வந்தவர்கள் சுருக்கி, உடம்பை 16 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். எழுதப் பழகிய கையின் முஷ்டியில் ஆரம்பித்து, புஜம், நெற்றி, தாடை, கழுத்து, தோள், வயிறு என்று இறங்கிப் பாதத்தில் முடியும். ஒவ்வொன்றையும் 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டுவிட வேண்டும். பிறகு அரை நிமிடம் சும்மா இருந்து, அந்த இடத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பயிற்சியே அந்த அரை நிமிடம்தான். இறுக்குவது, வித்தியாசம் தெரிவதற்காக மட்டும். கெண்டைக்காலையும் பாதத்தையும் ரொம்ப நேரம் இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்; அங்கே நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. வலியோ பழைய அடியோ உள்ள இடத்தைத் தொடவே வேண்டாம்.

கை, கால் எல்லாம் சீக்கிரம் வசப்பட்டன, சொல்ல ஒன்றுமில்லை. தாடைதான் ஆச்சரியம். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாதாம், நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. எனக்கோ அவசர மின்னஞ்சல் ஒன்று வந்தாலே பல் ஒட்டிக்கொள்கிறது. முன்பெல்லாம் சாயங்காலத் தலைவலி வந்த பிறகுதான் 'இன்றைக்கு டென்ஷன்' என்று புரியும். இப்போது பல் ஒட்டும்போதே தெரிந்துவிடுகிறது. அந்த இடத்திலேயே தாடையைத் தொங்கவிட்டு, தோளை இறக்கிவிட்டு, பதில் எழுதுகிறேன். (எதிரே யாராவது இருந்தால் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும்.)

வேலை இதனால் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஒருவர் செய்ய வேண்டியதை இருவர் தலையில் கட்டினால்தான் அது குறையும். தசையை இறுக்கி விடுவதால் இல்லை. குறைந்தது, வேலை முடிந்த பிறகும் அதை உடம்பில் சுமந்துகொண்டு திரிவது. படுக்கையில் செய்தால் பாதிக்கு மேல் போவதற்குள் தூங்கிவிடுகிறேன், அதனால் கற்றுக்கொள்வதற்கு நாற்காலிதான் சரி. தளரத் தளரப் பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையோடு நிறுத்திப் பார்க்கலாம்.

16-ஐ முடித்து, பகுதிகளைச் சேர்த்து 7 ஆக்கும் கட்டத்தில் இருக்கிறேன். அடுத்தது 4. அதற்கும் பிறகு இறுக்காமலே, தளர்ந்த நிலையை நினைவிலிருந்து வரவழைப்பது. கழுத்து இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அது வழிக்கு வரும்வரை 7-லேயே இருக்கப் போகிறேன்.