ஜூரியிடம் கேட்கப்படாத கேள்வி

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஜூரி சம்மன், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார வரச்சொல்லும் அழைப்பு, வந்துவிட்டது. ஆபீஸில் எல்லாரும் "ஏதாவது காரணம் சொல்லி நழுவிவிடு" என்றார்கள். எனக்கோ உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட ஆசை.

ஃபெடரல் கோர்ட் வழக்கு அது. சமையலறைக் கத்தியோடு வீட்டு வாசலில் நின்ற இளைஞனை, காரைவிட்டு இறங்கிய சில நொடிகளில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றுவிட்டார். மகனுக்கு மனநிலை சரியில்லை, உதவுங்கள் என்று அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்ததே அவனுடைய அம்மாதான். விசாரணைக்கு வந்தது கொலைக் குற்றச்சாட்டு அல்ல. அரசு அதிகாரி உரிமையைப் பறித்தால் வழக்குப் போட வழிசெய்யும் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நஷ்ட ஈடு கேட்டு அந்த அம்மா தொடுத்த சிவில் வழக்கு.

ஜூரிக்கு ஆள் எடுக்கும்போது, வீட்டில் யாராவது போலீஸில் இருக்கிறார்களா என்று நீதிபதி கேட்டார். ஊரில் பெரியப்பா ஏட்டாக இருந்தவர் என்று சொன்னேன். எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இரு தரப்பும் காரணமே சொல்லாமல் தலா மூன்று பேரை நீக்கலாம். அதிலும் என் பெயர் வரவில்லை. எட்டுப் பேரில் ஒருவனாக உட்கார்ந்தேன். தினப்படி 50 டாலர்.

போலீஸ்காரர் உடையில் மாட்டியிருந்த பாடி கேமராவின் வீடியோவை எத்தனை முறை ஓட்டினார்கள் என்று சொல்ல முடியாது. முழு வேகத்தில் பார்த்தால் ஒன்றும் புரிவதற்குள் முடிந்துவிடும். மெதுவாக ஓட்டினால், போலீஸ்காரருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்ததுபோலத் தோன்றும். இரண்டுமே ஆளை ஏமாற்றும். போலீஸ் தரப்பு நிபுணர் வந்து, கத்தி வைத்திருப்பவன் 21 அடியை ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்றார். போலீஸ் பயிற்சிகளில் 1980-களிலிருந்து சொல்லிவரும் கணக்கு அது. ஓடி வருபவனுக்குச் சரி, அசையாமல் நிற்பவனுக்கும் அதே கணக்கா என்று அம்மாவின் வக்கீல் கேட்டபோது நிபுணர் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் நீதிபதி சட்டத்தை விளக்கினார். 1989-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்: அந்த இடத்தில் நின்ற நியாயமான ஒரு போலீஸ்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும், நடந்து முடிந்த பிறகு கிடைத்த தெளிவோடு அல்ல. தீர்ப்புப் படிவத்தில் தனித்தனிக் கேள்விகள் இருந்தன. இளைஞன் கத்தியை உயர்த்தினானா? முன்னேறி வந்தானா? சுடுவதற்கு முன் போலீஸ்காரர் எச்சரித்தாரா? எட்டுப் பேரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் கடைசிவரை போலீஸ் பக்கம் நின்றார். அப்புறம் அவரே எழுந்து, அறையின் இரு மூலைகளில் எங்களில் இருவரை நிற்க வைத்து, தூரத்தை அடியால் அளந்து பார்த்துவிட்டு மனம் மாறினார். மூன்று கேள்விக்கும் "இல்லை" என்று எழுதினோம். நியாயமற்ற பலப்பிரயோகம்தான் என்று முடிவுசெய்து ஒரு தொகையையும் நிரப்பினோம்.

சில மாதம் கழித்து, கோர்ட் ஆவணங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். எங்கள் தீர்ப்பை நீதிபதி ரத்து செய்திருந்தார். காரணம், குவாலிஃபைட் இம்யூனிட்டி. உரிமை மீறலே நடந்திருந்தாலும், இதே மாதிரிச் சூழலில் இது தவறு என்று முன்பே ஒரு தீர்ப்பு தெளிவாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அதிகாரியிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. கத்தியோடு நின்ற பெண்ணை அரிசோனாவில் போலீஸ் சுட்ட வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் இதே காரணத்தால் போலீஸ்காரரை விடுவித்ததை நீதிபதி மேற்கோள் காட்டியிருந்தார்.

விசாரணை முழுக்க இந்தச் சொல் எங்கள் காதில் விழவே இல்லை. அது நீதிபதி முடிவு செய்யும் சட்டக் கேள்வியாம், சரி. ஆனால் 2009 முதல், உரிமை மீறல் நடந்ததா என்பதைத் தொடாமலே, முன்தீர்ப்பு இல்லை என்று மட்டும் சொல்லி வழக்கை முடிக்கலாம் என்றிருக்கிறது. எங்கள் நீதிபதியும் அப்படித்தான் முடித்திருந்தார். அடுத்த அம்மா காட்டுவதற்கு முன்தீர்ப்பு எங்கிருந்து வரும்?

மேல்முறையீடு போயிருக்கிறது. அங்கே ஜூரி கிடையாது, மூன்று நீதிபதிகள்தான்.